ஏழாம் எண் வண்டி

கேப் பிரெட்டன் தீவில்
பால்பல் விழுவதற்குள் எல்லாரும்
வயலின் வாசித்துவிடுகிறார்கள்.
தபால்காரர். பல் மருத்துவர்.
கல்யாண விருந்தில் கோட்டைக் கழற்றி எறிந்ததும்
பாதிரியார்.
எனக்கு ஐம்பத்தொன்று.
வெளியூர்க்காரன் என்றால் பொறுத்துக்கொள்வார்கள்,
நான் இங்கேயே பிறந்து தொலைத்தவன்.

எங்கள் வீட்டில் ஒரு வயலின், ஐந்து பிள்ளைகள்.
என் முறை வருமுன் அதன் கழுத்து ஒடிந்தது.
ஒடித்தது நான்தான்.
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எஃபிக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
பகல் முழுக்க அவள் தூக்கம், கனமான திரைச்சீலை.
மிஞ்சியது
நான் ஓட்டும் பனி வாரும் வண்டி.
புயல் தணியும்வரை
ஸ்மோக்கி மலையடியில் அதை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்,
சம்பளத்தோடு.

ஓட்டுநர் அறையில் முழு வில்லுக்கு இடமில்லை.
மேலே தள்ளினால் கூரை,
கீழே இழுத்தால் கியர்த் தண்டு.
நடுவில் ஒரு சாண், அதுதான் என் சங்கீதம்.

"வில்லில் பாதியை நீங்கள் தொடவே இல்லையே,
கடைக்காரரிடம் பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்போமா?"
என்றாள் மோராக்.
மருந்துக்கடையில் மாத்திரை எண்ணித் தருபவள்,
இருபத்துநான்கு வயது,
வியாழன் மாலைகளில் எனக்கு வாத்தியார்.

ஐந்தில் வளையாதது என்று ஆரம்பிக்காதீர்கள்.
வளைய வேண்டியது வலது கட்டைவிரல் ஒன்றுதான்.
பதினோரு வாரமாக அது
சவ ஊர்வலத்துக்குச் சல்யூட் அடிப்பதுபோல்
விறைத்து நிற்கிறது.

நேற்றிரவு எஞ்சினை அணைத்தேன்.
அணைத்தால்தான் காது கேட்கும்.
குளிர் உள்ளே வரக் கால்மணி நேரம்,
பிரடை சுருங்கி வழுக்கக்
கூடுதலாய் ஐந்து நிமிடம்.
அதற்குள் மூன்றாம் விரல்.

வைத்தேன். பூனை.
கொஞ்சம் மேலே. மிதிபட்ட பூனை.
கீழே. கதவு.
டீசல் நெடியில் ரோசின் தூள் மிதந்தது.
முப்பதுவரை எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை.

பிறகு ஒருமுறை,
விரலை எடுத்து வைத்ததில் ஏதோ ஒரு மயிரிழை,
நான் தொடாத கம்பி
பக்கத்தில் தானாக நடுங்கிற்று.
அதன்மேல் படிந்திருந்த வெள்ளைத்தூள்
எழுந்து புகைந்ததை
டாஷ்போர்டு வெளிச்சத்தில் பார்த்தேன்.
கூப்பிடாமலே ஒருவர் வந்து
"இங்கேதான் இருக்கிறேன்" என்றதுபோல்.

அசையாமல் இருந்தேன்.
அப்புறம் ஏதோ உறுத்துகிறதே என்று
தொடையைத் தூக்கினேன்.
ரேடியோ மைக்.
அமுங்கியிருந்த பொத்தான் டக்கென்று விடுபட்டது.

என் பொத்தான் அமுங்கியிருந்தவரை
வேறு யாரும் பேசியிருக்க முடியாது,
கேட்டிருக்க மட்டுமே முடியும்.
பதினாறு வண்டிகள்.
உப்புக் கிடங்கு.
கட்டுப்பாட்டு அறையில் மர்டினா.

முதலில் சும்மா இரைச்சல்.
பிறகு பதினோராம் எண் வண்டி, ஹெக்டர்:
"லாக்லன், கடைசியா வந்துதே, அது சரி."
கொஞ்சம் விட்டு,
"அதுக்கு முந்தினதெல்லாம்
வாளி படியில உருண்ட சத்தம்."
யாரோ சிரித்தார்கள்.
யாரோ, குரல் பிடிபடவில்லை,
"இன்னொருக்கா வாசி" என்றார்கள்.
மர்டினா தொண்டையைச் செருமி
"ஏழாம் எண், மலைப்பாதை திறந்தாச்சு" என்றாள்,
ரொம்ப அலுவலகமாக.

நான் பதில் சொல்லவில்லை.
வில்லின் முறுக்கைத் தளர்த்திப்
பெட்டியை மூடிப் பக்கத்து இருக்கையில் வைத்து
பெல்ட் போட்டுவிட்டேன், பெட்டிக்கும்.
எஞ்சின் உறுமிற்று.
கத்தியை இறக்கினேன்.

பனிக்கு அடியில் தார் தட்டியபோது
இரும்பு ஒரு சுரம் பிடித்து
மேடு முழுக்க இழுத்துக்கொண்டே வந்தது.
கால் சுரம் தாழ்ந்திருந்தது.

இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறேன்.