மாதிரி எண் நாற்பத்தொன்று

என் ரத்தத்துக்கு நிறமில்லை.
சோறு வடித்த கஞ்சி போலக் கலங்கி
பீக்கரில் நிற்கிறது.
தரமணி, மூன்றாம் மாடி, இரவு பதினொன்றே கால்.
ஏசியை இருபத்தைந்தில் வைத்துத்
துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறேன்.

நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு துகள்கள்.
ஒவ்வொன்றும் ஒரு ஜெல்லிப் பொட்டு,
தலைமுடிப் பருமனில் பத்தில் ஒன்று.
அழுத்தினால் நசுங்கும், விட்டால் திரும்பும்.
இவ்வளவைச் செய்யப் பழக
இரண்டு வருடமும் ஒரு மூக்குக்கண்ணாடியும் ஆயிற்று.

கூம்புக்கும் தட்டுக்கும் நடுவே
ஒரு சொட்டு வைத்துச் சுழல விடுகிறேன்.
மெதுவாகச் சுற்றினால் முரண்டு பிடிக்கிறது.
வேகம் கூட்டக் கூட்ட இளகுகிறது.
தண்ணீருக்கு இந்தப் புத்தி கிடையாது,
எண்ணெய்க்கும்.

போன மாதம் கண்ணாடியில் துகள் செய்து பார்த்தோம்.
அதே அளவு, அதே உருண்டை.
அறுபது பங்கு போட்டதும் குழாய் அடைத்துக்கொண்டது.
மெத்தென்றிருப்பவை தொண்ணூறிலும் போகின்றன.
அறிக்கையில் இதற்கொரு சமன்பாடு உண்டு.
கிண்டி ஸ்டேஷன் படிக்கட்டில்
காலை எட்டு ஐம்பதுக்கு அது இல்லாமலே நடக்கிறது:
தோளைச் சாய்த்து, பையை வயிற்றோடு அணைத்து
ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவராய்
இறங்கிக்கொண்டே இருப்பார்கள்.
ஒருநாள் ஒருவன் டேபிள் ஃபேனை
அட்டைப்பெட்டியோடு நெஞ்சுக்கு நேரே பிடித்து வந்தான்.
அவ்வளவுதான்.

பர்னபாஸுக்கு நிஜ ரத்தம்.
ராயப்பேட்டையில் டயாலிசிஸ் பிரிவு, அதே நைட் ஷிஃப்ட்.
ஒரு மணிக்கு மெசேஜ் வரும்:
'உன் ரத்தம் எப்படி இருக்கு?'
'ஓடுது. உன்னுது?'
'மூணாவது மெஷின்ல கொஞ்சம் அடம்.'

அசைவு ஓய்ந்தால் சிவப்பணுக்கள்
ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து
கண்டக்டர் கையில் சில்லறை போல அடுக்கிக்கொள்ளும்.
லேசாகத் தள்ளினால் கலைந்துவிடும்.
உறைவது வேறு.
உறைந்தது திரும்பாது.
என் மாதிரிக்கு அடுக்கத் தெரியும்,
உறையத் தெரியாது.
குறைகள் என்ற தலைப்பில்
அதை நானே எழுதியிருக்கிறேன், இரண்டு வரி.

மூன்று மணிக்கு மறுபடி போன் அதிர்ந்தது.
'மூணாவது மெஷின் ஃபில்டர் முழுக்க உறைஞ்சிடுச்சு.
இருநூறு மில்லி, திருப்பி ஏத்த முடியல.'
கொஞ்ச நேரம் எதுவுமில்லை.
பிறகு:
'தணிகைவேலன்னு ஒருத்தர், பெயின்ட் வேலை.
கீழ ஊத்திடுவீங்களான்னு கேட்டார்.'
'நீ என்ன சொன்ன?'
பதில் இல்லை.

தினமும் மாதிரியை சிங்க்கில்தான் கொட்டுகிறேன்,
குழாயைத் திறந்து, வேறெங்கோ பார்த்தபடி.
இன்று பீக்கரைச் சாய்த்த கை
பாதியில் நின்றது.
மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன்,
எதற்கென்று தெரியாமல்.
நோட்டில்: நாற்பத்தொன்று. ஓடுகிறது.

ஆறு பத்துக்கு கேட்டில் வண்டியோடு நின்றான்.
சட்டைக்கையில் ஐந்து ரூபாய் அளவு கறை,
காய்ந்து பழுப்பாகியிருந்தது.
வாட்ச்மேன் குழாயில் பச்சைத்தண்ணீர் விட்டுத் தேய்த்தேன்.
போகவில்லை.
'விடு' என்றான்.

வேளச்சேரிக்குள் குறுக்குச்சந்தில்
தண்ணீர் லாரிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே
வண்டியை நுழைத்தான்.
முழங்கால்களை ஒடுக்கி
அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டேன்.
போனோம்.