விலக்குப் பட்டியல்

ஐந்நூறு ரூபாய்
ஒவ்வொரு விடியலிலும் செத்துக் கிடந்தது.
ஓர் அழைப்பும் இல்லை.

பங்குனி மாதம்.
தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கவே தேவையில்லை,
குடத்தோடு சனம் முன்பே நிற்கும்.
இந்தத் தர்மபுரியில் இப்போது
போர்வெல் விளம்பரம் ஓடாமல் வேறெது ஓடும்?

முதலில் படத்தைக் குறை சொன்னேன்.
பீறிட்டு அடிக்கும் தண்ணீர்,
எந்த ஊர்த் தண்ணீரோ.
எடுத்துவிட்டு மாதையனின் வண்டியையே வைத்தேன்,
எலுமிச்சை தொங்கும் பம்பரோடு.
பிறகு தலைப்பு. பிறகு பச்சைப் பொத்தான்.
தௌலத் வந்து எட்டிப் பார்த்து
பக்கம் திறக்க ஒன்பது நொடி ஆகுது, அதான் என்றாள்.
மூன்றாக்கினோம்.
ஐந்நூறு இன்னும் வேகமாகச் செத்தது.

நான்கு ரோட்டுக்கு மேலே எங்கள் மாடியறை.
கீழே பரோட்டாக் கல் ஆறிய ஓர் இரவில்
மணி மணியாகப் பிரித்துப் பார்த்தேன்.
பகல் முழுக்கச் சுழி.
இரண்டிலிருந்து நான்குக்குள்
நாற்பத்தைந்து கிளிக்,
ஒன்றுக்குப் பதினோரு ரூபாய்.
எல்லாம் ஒரே இணைப்பு, பாலக்கோட்டுப் பக்கம்.
தேடியதும் ஒன்றேதான்: மாதையன் போர்வெல்ஸ்.

எதிரி என்று முடிவு கட்டினேன்.
காவேரிப்பட்டினத்தில் புது வண்டி எடுத்தவர் ஒருவர் உண்டு,
அவரை மனதுக்குள் கைதே செய்துவிட்டேன்.
துப்புத் துலக்கியவளின் மிடுக்கோடு
மாதையனை அழைத்தேன்.
உங்க காசை ராத்திரியில யாரோ திங்கறாங்க சார்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் ஓடியது.

"அது நான்தாங்க மேடம்.
தொட்டுப் பாத்தா இருக்குதுன்னு தெரியும்.
தொடாம விட்டா எடுத்துருவாங்களோன்னு...
காசு போகும்னு யாரும் சொல்லலைங்களே."

சொல்லவில்லைதான்.
ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில் இருக்கிறது,
இங்கிலீஷில்.

ஏன் தூங்கலை என்று கேட்டிருக்கக் கூடாது.
என் வேலையில் அந்தக் கேள்விக்குக் கட்டமில்லை.
கேட்டேன்.

"ஆயிரத்து நூத்தி நாப்பது அடிங்க.
வெள்ளிச்சந்தைக்கு அந்தாண்ட, கெம்பண்ணன் தக்காளிக் காடு.
எண்ணூறுல அவரு போதும்னாரு.
ஈரம் தெரியுதுன்னு நான்தான் சொன்னேன்.
கடைசி வரைக்கும் வெள்ளைப் புழுதி.
பணத்தை முழுசா எண்ணி வெச்சாரு,
ஒரு வார்த்தை திட்டலை.
திட்டியிருந்தா தூங்கியிருப்பேன்."

அன்றே அவர் வீட்டு வைஃபையை
விலக்குப் பட்டியலில் சேர்த்தேன்.
மறுநாள் விடியலில் ஐந்நூறும் உயிரோடு இருந்தது.
மதியமும் இருந்தது.
மாலை ஆறுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.
ஒரு விரலும் தொடவில்லை.

படம் சரி, நொடி சரி, பொத்தான் சரி.
பாலக்கோட்டு மண்டியில கேட்டுப் பாரு என்றாள் தௌலத்.
அவள் மாமா அங்கே கமிஷன் கடை.
காலையில் தக்காளி விலை சொல்லி முடித்ததும்
அந்த ஆயிரத்து நூற்று நாற்பதையும்
ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் டீ குடிக்கிறார்களாம்.

அறிக்கையில் 'காரணம்' என்றொரு கட்டம்.
வீண் கிளிக்குகள் என்று அடித்தேன். அழித்தேன்.
கெம்பண்ணன் என்று அடித்தேன்.
அதையும் அழித்தேன்.
காலியாக விட்டால் அனுப்ப முடியாது,
ஒரு புள்ளி வைத்து அனுப்பினேன்.

அன்றிரவு இரண்டு நாற்பதுக்குப் போன்.
"மேடம், தேடிப் பாத்தேன்.
என்னைக் காணோமே."

ஒரு நிமிஷம் சார் என்று
லைட் போடாமலே அவர் பெயரைத் தட்டினேன்.
முதல் வரியில் நின்றார்,
வண்டியோடு, எலுமிச்சையோடு.
இருக்கீங்க சார், என்றேன்.

அப்படியா என்றவர் போனை வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
என் விரல் அந்த வரிக்கு மேலேயே நின்றது.
பதினோரு ரூபாய்.