நீலச் செருப்பு

சேடபட்டி தாண்டிக் கண்மாய் ஓரம் எங்கள் ஷெட்டு.
நாலாயிரம் குஞ்சு.
நுழைகிற இடத்தில் முழங்கை நீளத் தொட்டி,
கத்தரிப்பூ நிறத்தில் மருந்துத் தண்ணி.
காலையில் கலக்குவேன்.
உச்சிக்குள் பழுப்பேறிவிட்டால்
கொட்டிவிட்டு மறுபடி.

குருவி புகாத வலை, எலி ஏறாத தகரம்,
எல்லாம் இருந்தும் போன மாசியில்
தீவன லாரிக்காரன் ஒருத்தன்
சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.
எட்டாம் நாள் அறுநூற்றுப் பன்னிரண்டு.
நானும் சீனியும் சுண்ணாம்பு கொட்டிக் குழி மூடினோம்.
காற்றோ, தண்ணியோ, அவன் காலோ,
டாக்டரம்மா உறுதியாகச் சொல்லவில்லை.
நான் காலென்று முடிவுகட்டிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் கேட்டுக்குப் பூட்டு.
நாத்தனார் காதுகுத்துப் பத்திரிகையைக்
கம்பி வழியாக நீட்டிவிட்டுப் போனவள்
இன்னும் பேசவில்லை.
அவள் வீட்டில் ஏழு நாட்டுக்கோழி,
நான் என்ன செய்ய?

நேற்று வாலகுருநாதன் வந்தார்.
மல்லிக் கொடிக்கு எரு வேண்டுமாம்.
அவர் தெருவை என் அப்பா எப்படிக் கடந்தார் என்று
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்:
செருப்பு கக்கத்தில்.

"கழட்டிருங்க" என்றேன்.
அணைத்த புல்லட் ஆறிக்கொண்டே
டிக் டிக்கென்றது.
"இந்த நீலச் செருப்பப் போட்டு
ரெண்டு காலையும் தொட்டியில முக்குங்க."
தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பிறகு என் காலைப் பார்த்தார்.
அதிலும் நீலச் செருப்புதான்.

உள்ளே ஏதோ குளிர்ந்தது எனக்கு, பொய் சொல்ல மாட்டேன்.
ஆனால் அதற்காகக் கட்டியதில்லை இந்தத் தொட்டி.
டாக்டரம்மா முக்கினார், கம்பெனி சூப்பர்வைசர் முக்கினான்,
என் மகளின் பள்ளிக்கூட ஷூ வெளியேதான் கிடக்கும்.
நாளைக்குப் பத்துத் தடவை முக்கி முக்கி
என் கால் நகமெல்லாம் பழுப்பு.

"கோழிக்குத் தெரியாதுங்க,
யார் காலுன்னு."

வேட்டியை ஒரு சாண் தூக்கினார்.
வலது கால். கொஞ்சம் கழித்து இடது கால்.
தூக்கியது போதவில்லை, கரையில்
கத்தரிப்பூ ஏறியது.

எருக்குவியலுக்குள் கையை விட்டவர்
வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.
"இன்னும் வேகுது. இருபது நாள் ஆகும்.
பச்சையா போட்டா கொடி கருகும்,
கிருமியும் உங்க தோட்டத்துக்குக் கூடவே வரும்."
"மூடை என்ன விலை?"
சொன்னேன்.
வழக்கம்போல் பாதிக்குக் கேட்டார்.
வழக்கத்துக்கு மாறாக
நான் இறங்கவில்லை.

போகும்போது செருப்பைக் குப்புற விட்டுவிட்டுப் போனார்.
ஒன்று வேலிப்பக்கம், ஒன்று குழாயடியில்.
எடுத்துக் கழுவி
வெயில் படுகிற பலகையில் சாய்த்துவைத்தேன்.
உள்ளே நாலாயிரமும் உமியைக் கிளறுகிற சத்தம்,
தூரத்தில் தூறல் விழுவதுபோல.

தொட்டித் தண்ணி பழுப்பேறியிருந்தது.
கொட்டினேன்.