ஹனுஸிடம் கேள்

ஜனவரியில் டோர்ஸ்ஹாவ்னில்
ஒன்பதரைக்கு மேல்தான் விடியும்.
அதற்குள் இரண்டு முறை
படகு அட்டவணையைக் குலைத்துவிட்டது ஏஜென்ட்.

அதன் மேல் குற்றமில்லை.
உலகத்து நிரல்மொழி அத்தனையும் தெரியும் அதற்கு.
தென்கிழக்குக் காற்றடித்தால்
ஸ்வீனோய் துறையில் படகு அணையாது என்று
யார் சொன்னார்கள் அதனிடம்?

எழுத உட்கார்ந்தேன்.
ஒரு ஃபோல்டர், உள்ளே ஒரே ஒரு உரைக்கோப்பு.
தலையில் பெயர்.
அதன் கீழே, என்னை எப்போது திறக்கலாம் என்று
இரண்டு வரி.
அந்த இரண்டை மட்டும்தான் அது எந்நேரமும் சுமக்கும்.
மிச்சம் மூடிக் கிடக்கும்,
படகு என்ற சொல் காதில் விழும்வரை.
அடுத்தவர் சமையலறையில்
டப்பா மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்துப் பார்த்து
காபி போடும் விருந்தாளி மாதிரி.

ரத்தான பயணத்தை அழிக்காதே, ரத்து என்று குறி;
டிக்கெட் வாங்கியவர் தேடிக்கொண்டு வருவார்.
சோதனையை ஓட்டாமல் முடிந்தது என்று சொல்லாதே.
(இதைக் கோபத்தில் எழுதினேன்.)
கடைசி வரிக்கு வந்தபோது காபி ஆறியிருந்தது:
காற்று நொடிக்கு இருபது மீட்டரைத் தாண்டினால்
ஹனுஸிடம் கேள்.
அவர் சரி என்னும்வரை எதையும் வெளியிடாதே.

ஹனுஸ் யாரென்று எழுதவில்லை.
எங்கள் ஆபீஸில் யாருமே எழுதியிருக்க மாட்டார்கள்.
துறையில் கயிறு பிடிக்கிறவர்.
ஃபோனை எடுத்ததும்
ஹலோவுக்குப் பதில் இல்லை என்பார்.
பெரும்பாலும் பதிலும் அதுதான்.

பொதி நன்றாக உழைத்தது.
பொதுவில் வைத்தேன், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று.
பிறகு மறந்தும் போனேன்.

மார்ச்சில் ஒரு கடிதம், சிலியிலிருந்து.
புந்தா அரேனாஸில் படகுக் கம்பெனி,
எழுதியவர் நோல்பெர்த்தோ.

"அன்புள்ள ரன்வா,
உங்கள் திறன்பொதிக்கு நன்றி. ஒரே ஒரு சந்தேகம்.
செவ்வாய் இரவு காற்று ஏறியது.
எல்லா வேலையும் முடித்துவிட்டு
அப்படியே நின்றுவிட்டது எங்கள் ஏஜென்ட்.
ஹனுஸிடம் கேட்டாயிற்றா என்கிறது.
ஊழியர் பட்டியலை அதுவே தேடிப் பார்த்து,
அப்படி ஒருவரும் இல்லை என்று அதுவே சொல்லி,
மறுபடியும் காத்திருக்கிறது.

கேட்டேன், சரி என்றார் என்று
நான் தட்டியிருக்கலாம். ஒரு வரிதானே.
விரல் வரவில்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு துறைக்கு நடந்தேன்.
கயிறு சுற்றிக்கொண்டிருந்தார் ஒரு பெண்.
ஆறு வருஷமாக அங்கேதான் நிற்கிறார்,
எல்சீரா என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.
கேட்டேன்.
தண்ணீர்ப் பக்கம் திரும்பக்கூட இல்லை,
போக வேண்டாம் என்றார்.
படகு போகவில்லை.
காற்றும் அப்புறம் அப்படியொன்றும் அடிக்கவில்லை,
அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா.
இருக்கட்டும். ஹனுஸ் யார்?"

கோப்பைத் திறந்தேன்.
திருத்தித் தரட்டுமா என்றது என் ஏஜென்ட்:
பெயரை எடுத்துவிட்டுப்
பொறுப்பான அலுவலர் என்று போட்டால்
எல்லா ஊருக்கும் பொருந்துமாம்.

பொருந்தும்தான்.
பொறுப்பான அலுவலரை எந்த ஊரில் கேட்டாலும்
ஆகட்டும் என்றுதான் சொல்வார்.

வேண்டாம் என்றேன்.
பெயரை அப்படியே விட்டு
அதற்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்:
உங்கள் துறையில் ஹனுஸ் யார் என்று
முதலில் கண்டுபிடி.

சாயங்காலம் அவருக்கு ஃபோன் போட்டேன்.
இல்லை, என்றார்.
இன்னும் எதுவும் கேட்கவே இல்லை ஹனுஸ், என்றேன்.
உலகத்தின் அடிக்கோடியில் ஒரு ஜலசந்தியில்
உங்கள் சம்மதத்துக்காக
ஓர் இயந்திரம் ராத்திரி முழுக்கக் காத்திருந்ததாம்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
கயிறு எதிலோ உரசுவது கேட்டது.

எந்தத் திசைக் காற்று, என்றார்.