இறங்கும் வரை

இன்றைக்கு மூன்று இடியப்பம்.
சொதியில் ஊறி
தான் நூல் என்பதை அது மறக்கும் வரை பார்த்திருந்தேன்.
ஒரு வாய். ஒரு மிடறு வெந்நீர்.
தோளைப் பின்னுக்கு இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி,
மூச்சைப் பிடித்து,
உள்ளே கதவு திறக்கிறதா என்று
காது கொடுத்து இருந்தேன்.
திறந்தது.
ஏழு மணிக்குத் தொடங்கி எட்டேகாலுக்கு எழும்பினேன்.
கந்தோருக்குப் பிந்தியதற்கு
இந்த மாதம் இது ஐந்தாவது சிவப்புக் கோடு.

கொழும்பில் வெள்ளைச் சாந்து குடிக்கத் தந்து
படம் பிடித்தார்கள்.
சுண்ணாம்புக்கு வாழைப்பழ வாசம் பூசினால் எப்படியோ அப்படி.
திரையில் என் உணவுக்குழாய்
மேலே வீங்கி, கீழே ஒடுங்கி
பறவை அலகு போலக் கூர்ந்து நின்றது.
"அந்த நுனிதான், திறக்க மறந்துவிட்டது" என்றார் டொக்டர்.
பலூன் விட்டு இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார்கள்.
ஒரு வருஷம் ஞாபகம் இருந்தது.

பதினொரு கிலோ குறைந்தபோது
கணக்குப் பிரிவு மங்களேஸ்வரி
"வடிவாகிட்டீங்க, என்ன டயட்?" என்று கேட்டாள்.
சொன்னேன்: பாண் இல்லை. புட்டு இல்லவே இல்லை.
பாரையை அவித்து, முள் பார்த்து,
உருளைக்கிழங்கோடு மசித்து, கூழாக்கி...
அவள் ஒரு துண்டில் எழுதிக்கொண்டாள்.

தண்ணீரின் சூடுதான் முக்கியம்.
பச்சைத் தண்ணீர் பட்டால் குழாய் சுருண்டுகொள்ளும்.
கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு;
அதில் எது என்னுடையது என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே இரண்டு பிளாக் கல்.
படுத்தால் தின்றது திரும்பி வரும், அதற்குத்தான்.
யோகநாயகம் நித்திரையில் சறுக்கிச் சறுக்கி
விடியும்போது கால்மாட்டில் கிடப்பார்.
இரவுக்கு அவரும் என்னோடு கஞ்சிதான்.
நான் கேட்கவில்லை, அவராகத் தொடங்கினார்.
போன வெள்ளி, கடை பூட்டி வந்தவரின் சட்டையில்
கொத்துரொட்டி மணம்.
வேறு பெண்ணின் மணமென்றால் சண்டை பிடித்திருப்பேன்.
இது, சட்டையைத் தோய்க்கப் போடுமுன்
நானும் ஒருமுறை முகர்ந்தேன்.

கிண்ணியாவில் பரீனாவின் மகளுக்குக் கல்யாணம்.
சஹனைச் சுற்றி ஆறு பேர், நடுவில் புரியாணி மலை.
ஐந்து கைகள் ஏறி இறங்கின,
என் கை தட்டின் ஓரத்தில் ஒரு பருக்கையை
அங்கும் இங்கும் மேய்த்துக்கொண்டிருந்தது.
பரீனா வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
முழுச் சட்டி வட்டிலப்பத்தை என் முன்னால் வைத்துவிட்டு
அடுத்த பந்திக்குப் போய்விட்டாள்.
வழுக்கிக்கொண்டு போனது.
அன்றைக்கு ஒருத்தரும் எனக்காகக் காத்திருக்கவில்லை,
நான்தான் முதலில் கை கழுவினேன்.

மதியம் கந்தோரில் சாப்பிடுவதில்லை.
சில நாள் எழும்பி ஓட வேண்டிவரும்,
கை கழுவும் இடத்துக்குக் கதவும் இல்லை.
பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு
கோட்டை வாசல் பக்கம் மரநிழலுக்கு வருவேன்.
அங்கே மான்கள்.
பஸ் நிலையத்து மட்டைப்பெட்டியையும் தின்னும் மான்கள்.
ஒன்று படுத்திருந்தபடி
கழுத்துக்குள் ஏதோ உருண்டு மேலேறுவது தெரிகிறது.
விழுங்கியதை வாய்க்குக் கொண்டுவந்து
ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்காமல்
மறுபடி மெல்கிறது,
என்னைப் பார்த்துக்கொண்டே.

மூன்றாவது கரண்டி கஞ்சி நின்றுவிட்டது.
நெஞ்சுக்குழியில் ஒரு கூழாங்கல்.
எழுந்தேன். கையை உயர்த்தினேன். நடந்தேன்,
மரத்திலிருந்து மதில் வரை, மதிலிலிருந்து மரம் வரை.
லொத்தர் விற்கிறவர் சைக்கிளை நிறுத்தி,
"பஸ்ஸுக்கா நிற்கிறீங்க?" என்றார்.
பேச முடியவில்லை. தலையை ஆட்டினேன்.
"நிலாவெளி பஸ் இப்பதான் போனது,
அடுத்ததுக்கு அரைமணியாகும்."

பரவாயில்லை என்று கை காட்டினேன்.