கீழ்த்தாடை, நாற்பது சதவீதம்

அருமனை முக்கில், இரும்புக்கடை மாடியில்
பல் செய்கிறோம்.
மார்த்தாண்டத்தில் ஒருவர் வாய் திறந்தால்
தாடை இங்கே வந்திறங்க வேண்டும்,
கம்பி வழி.

மழைக்கு வராது.
வெயிலுக்கும் உறுதியில்லை.
ஷைஜு ஒரு டீ குடித்துவிட்டு வந்தான்,
நாற்பது சதவீதம்.
இன்னொன்று குடித்தான்.
அதே நாற்பது.
பிறகு நான்தான் ஸ்கூட்டியை எடுத்தேன்,
யாருடையதோ கடைவாய்ப்பல்லைப்
பென்டிரைவில் வாங்கி வர.

ஃபைபர் இழுக்க அரசு பாதி தருமாம்.
விண்ணப்பம் இணையத்தில் மட்டும்.
ஒன்பதாவது ஆவணத்தில் வட்டம் சுற்றியது;
மீதியைத் தக்கலையில்
கொழுந்தன் கடையிலிருந்து ஏற்றினேன்.

பார்வையிட வந்தவர் பலகையைப் படித்தார்.
'ஆஸ்பத்திரியா, தொழிலா?'
'கடை வாடகை கட்டுறேன் சார், தொழில்தான்.'
சிரிப்பைக் கையால் மறைத்தார்.
முன்பல் ஓரம் உடைந்திருந்தது.
பார்க்காததுபோல் இருந்தேன்,
கையெழுத்துப் போடும் வரை.

அரசுப் பணம் ரசீதுக்குப் பிறகு,
முதலில் முழுத்தொகையும் நான்.
சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
சானலுக்கு அக்கரைக் கம்பத்தில்
கேபிள் சுருள் பதினேழு நாள் தொங்கியது.
நடுவில் செல்லப்பன் ரப்பர் மரங்கள்;
ஒரு கிளைக்கு அவர் சொன்ன விலையில்
ஒரு தாடையே கட்டலாம்.

ஒருவழியாய் இழுத்தார்கள்.
முதல் தாடை
நான் நாற்காலியில் உட்காருமுன் வந்துவிட்டது.
பின்னாலேயே டாக்டர், போனில்:
'இப்பதான் ஸ்பீடு உண்டே,
சாயங்காலம் தந்திருவீங்களா?'

கடைந்தெடுத்த பல்லைச் சூளையில் வைத்து
கதவை அடைத்தேன்.
எட்டு மணி நேரம்.
ஷைஜு டீ குடிக்கப் போனான்.