பத்துக்கு மேலே எண்ணாதையுங்கோ

பத்துக்கு மேலே எண்ணாதையுங்கோ என்றேன்.
பதினொன்று, பன்னிரண்டு என்று வாய் நீள
கை பிந்திவிடும்.
ஒண்டிலிருந்து பத்து. திரும்பவும் ஒண்டு. மூன்று தரம்.
நெஞ்சுக்குக் கணக்குத் தெரியாது,
இடைவெளி தெரியும்.

ஊரடங்கின் மூன்றாம் கிழமை.
பயிற்சிப் பொம்மைகள் பீடத்தின் பூட்டிய அறையில்
வாய் திறந்தபடி கிடக்கின்றன.
திருநெல்வேலியில், உடுப்புக்கொடி கமராவில் விழாதபடி
சுவரோடு ஒட்டி இருக்கிறேன்.
திரையில் பதினாறு சதுரங்கள்.
போன வருசம் நானும் அந்தப் பக்கம்தான்.

தர்மினிக்குத் தலையணை.
சுகந்தனிக்கு ஐந்து கிலோ மாப்பை,
அமத்த அமத்த வெள்ளையாய்ப் புகைகிறது.
அக்குறஸ்ஸவில் சத்துரங்க
எட்டைத் தாண்டினால் சிங்களத்துக்குப் போய்விடுவான்;
பரவாயில்லை, வேகம் சரி.
பாசையூர் றெக்சன்
வள்ளத்து மிதவை அங்கியைச் சுருட்டிப்
பள்ளிக்கூடப் பைக்குள் திணித்து வைத்திருந்தான்.

முழங்கை மடியக் கூடாது.
ஐந்து சென்ரிமீற்றர்.
அமத்தினால் முழுசாய் விடவும் வேணும்.
இந்தக் காலத்தில் வாயால் ஊதாதையுங்கோ,
முகத்தைத் துணியால் மூடிப்போட்டு அமத்துங்கோ.

என் 'ஒண்டு' போய்ச் சேருமுன்
எனக்கு 'மூண்டு' ஆகிவிடுகிறது.
யாருடைய கை சரி, யாருடைய இணைப்புப் பிழை
என்று தெரியாமலே
'நல்லது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் சுற்றில் றெக்சனின் சதுரத்தில்
பை மட்டும்.
ஒலியை அடைத்திருந்தான்.
கரண்ட் போகவில்லை, காற்றாடி சுற்றுகிறது.
திறந்த கதவு. வெயில். ஒற்றைச் செருப்பு.
வரவுப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே
கேள்விக்குறி போட்டுவிட்டு
திரும்பவும் ஒண்டு என்றேன்.

வகுப்பு முடிந்து நாலு பேர் மிஞ்சியிருந்தபோது
வந்தான். மேலில் சேட் இல்லை.
ஒலியைத் திறக்க முதலில் வந்தது நாய் குரைப்பு.

'மிஸ், எஞ்சின் திருத்துற மரியதாசன் அண்ணை
படலையடியில விழுந்திட்டார்.
அம்புலன்ஸ் வருமட்டும் அமத்தினனான்.
பத்து, பத்து, பத்தெண்டுதான் எண்ணினனான்.
சேட்டால முகத்தை மூடினனான், அது அவரோட போயிட்டுது.'

பிறகு,
'எலும்பு முறிஞ்சது மிஸ். கையுக்குள்ள கேட்டது.
பையில அப்பிடிக் கேக்கேல்லை.'

என்னிடம் நாற்பத்திரண்டு படங்கள் இருந்தன.
ஒன்றிலும் அந்தச் சத்தம் இல்லை.
முறியும், முறிஞ்சாலும் நிப்பாட்டக் கூடாது
என்று மட்டும் சொல்லத் தெரிந்தது.
அதுவும் பிந்தித்தான் போயிருக்கும்,
ஏனென்றால் அவன் அதற்கிடையில்
'நிப்பாட்டேல்லை' என்றுவிட்டான்.

ஆள் தப்புவாரோ என்று ஒருவரும் கேட்கவில்லை.
சுகந்தனி விரலிடுக்கு மாவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

பையை இழுத்துத் தன் முன்னே வைத்தான்.
'இன்னொருக்கா எண்ணுங்கோ மிஸ்.
ஆழம் சரியா இருந்ததோ தெரியேல்லை.'

பைக்குத் தெரியாது.
இங்கிருந்து எனக்கும் தெரியாது.
அவன் முழங்கைகள் நிமிரும்வரை பார்த்திருந்து
ஒண்டு என்றேன்.